640 கடை, ஏழு லைன்: போனில் மேப் பார்க்க எந்த பிஐ ஆப்?

எங்கள் ஏஜென்சி ஈரோட்டில் இருக்கிறது. பிஸ்கட், சோப்பு, மசாலா என்று நாலைந்து கம்பெனிச் சரக்கு எடுத்து 640 கடைகளுக்குப் போடுகிறோம். பவானி, அந்தியூர், கோபி, சத்தி, மேலே தாளவாடி வரைக்கும் ஏழு சேல்ஸ்மேன்கள் லைன் போகிறார்கள். பில் எல்லாம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில். அதை எக்ஸெல்லுக்கு எடுத்து மாதாமாதம் முதலாளிக்கு ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. ஒரு தடவை, இரண்டு மாதமாக ஆர்டர் வராத கடைகள் என்று இருபது பெயர் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் சரி தம்பி, இந்த இருவது கடையும் எங்கெங்க இருக்குது? ஒரே ரோட்டுலயா, ஆளுக்கொரு மூலையிலயா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இருபதும் சிதறிக் கிடந்தால் கடைக்கு ஒரு காரணம் இருக்கும், ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்க வேண்டும். ஒரே ரோட்டில் வரிசையாக இருந்தால் அந்த ரோட்டிலேயே ஏதோ நடந்திருக்கிறது. எக்ஸெல்லில் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மேப்பில் போட்டால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வியாபாரக் கணக்கை இப்படி மேப்பாகவும் படமாகவும் காட்டுவதற்கென்றே இருப்பவைதான் பிஐ (பிசினஸ் இன்டலிஜென்ஸ்) ஆப்கள். அன்றைக்கு ஆரம்பித்து நாலு மாதம் ஒவ்வொரு ஆப்பாகப் போட்டுப் பார்த்தேன். எங்களை மாதிரி சின்ன ஏஜென்சி, சின்னக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆப்களின் விளம்பரப் பக்கத்தில் இருக்கும் வசதிப் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். மேப்பைப் பார்க்கப் போவது யார், எங்கே நின்றுகொண்டு பார்க்கப் போகிறார் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மூன்று விதமான ஆட்கள். முதலாளி சாயங்காலம் ஆபீசில் டேப்லெட்டில் பார்ப்பார். சூப்பர்வைசர் இரண்டு பேரும் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சேல்ஸ்மேன் உச்சி வெயிலில், பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில், ஒரு கையில் பில் புக்கோடு பார்ப்பார். மூன்று பேருக்கும் ஒரே ஆப் பொருந்தும் என்று நானும் நினைத்தேன், பொருந்தவில்லை.

சரி, ஆப்புக்குப் போகும் முன் இடம் என்ற பத்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் என் நாலு மாதத்தில் இரண்டரை மாதம் அதில்தான் போனது. ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் எல்லா ஆப்பும் தானாக ஓர் இடத்தை ஊகித்துப் புள்ளி வைக்கும். மாநிலமும் நாடும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் நம் சேலம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போய்விடும், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது. நம் ஊருக்குள்ளேயே திருப்பத்தூர் மாவட்டத் தலைநகர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் இன்னொன்று. தூத்துக்குடியை ஒருவர் டூட்டிகொரின் என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பார், திருப்பூரை நாலு பேர் நாலு ஸ்பெல்லிங்கில் அடித்திருப்பார்கள். பின்கோடு கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. 638501 என்றால் அந்தியூரும் சுற்றுவட்டாரமும், அதற்குள் இருக்கிற எங்கள் கடைகள் அத்தனையும் ஒரே புள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டன. தபால் துறை 2025-ல் டிஜிபின் என்று 10 எழுத்துக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது, சுமார் நாலு மீட்டர் கட்டம் வரைக்கும் இடத்தைச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மேப்பில் போட அதையும் அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதனால் நேராகக் கடை வாசலில் நின்று லேட்-லாங், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எடுப்பதுதான் வழி. கோடிங் தெரியாமலே ஆப் செய்யக் கூகுள் தரும் ஆப்ஷீட்டில் நாங்கள் ஒரு சின்ன ஆப் செய்தோம். கடைப் பெயரைத் தேர்ந்தெடுத்து பட்டன் அழுத்தினால் போன் நிற்கும் இடம் கூகுள் ஷீட்டில் பதிவாகிவிடும், சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பும். முதல் வாரம் ஒருவர் பதிந்த 14 கடைகளும் மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. காலையிலிருந்து லைன் சுற்றிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து மொத்தமாகப் பதிந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கடை வாசலில் நின்றுதான் அழுத்த வேண்டும் என்று யாரும் அவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. இன்னொன்று, கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்று எடுத்தால் புள்ளி தள்ளிப் போகிறது. ரோட்டுப் பக்கம் வந்து, பத்து விநாடி பொறுத்து அழுத்தச் சொல்லுங்கள்.

எண்களையும் ஒரு தரம் சோதித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அட்சரேகை சுமார் 8-லிருந்து 13.6 வரை, தீர்க்கரேகை 76-லிருந்து 80.4 வரை. இதற்கு வெளியே எது இருந்தாலும் தப்பு. ஈரோடு 11.34, 77.72. இரண்டையும் இடம் மாற்றி அடித்தால் கடை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும். காலியாக விட்ட இடத்தில் பூஜ்யம் நிரம்பியிருந்தால் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே கினியா வளைகுடாவில் இருக்கும். அப்படி ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் மேப் உலகம் முழுவதையும் காட்டும் அளவுக்குச் சுருங்கி, மீதி 639 கடைகளும் ஒரு கடுகளவு ஆகிவிடும், போனில் இது இன்னும் மோசம். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வேண்டும், அது 11 மீட்டர் துல்லியம். எக்ஸெல்லில் யாராவது இரண்டு இலக்கமாகச் சுருக்கிவிட்டால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும்.

இது சரியான பிறகு ஆப்புக்கு வரலாம்.

பவர் பிஐ, மைக்ரோசாஃப்டுடையது. போன் ஆப் என்று பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மறைக்காமல் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். அதில் மொபைல் லேஅவுட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, போன் வடிவத்துக் கட்டத்தில் எந்த மேப், எந்த எண் எங்கே வர வேண்டும் என்று நாமே அடுக்கிக்கொள்ளலாம். போனை நிமிர்த்திப் பிடித்தால் அந்த அடுக்கு, படுக்க வைத்தால் பெரிய ரிப்போர்ட். ஊர்ப் பெயர் உள்ள பத்தியை ஊர் என்று வகைப்படுத்தி வைத்தால், போன் இருக்கும் ஊருக்கு ஆப்பே ஃபில்டர் போட்டுத் தருகிறது. பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கோபியில் பைக்கை நிறுத்திய சூப்பர்வைசருக்கு ஒரு தட்டில் கோபிக் கடைகள் மட்டும் வருகின்றன, வேறெந்த ஆப்பிலும் இவ்வளவு சுலபமாக எனக்கு இது கிடைக்கவில்லை.

மேப் விஷுவல்கள், அதாவது மேப் வரையும் வகைகள், இதில் பல. பழைய மேப் விஷுவல் பிங் மேப்ஸ் என்ற மேப் சேவையை நம்பி இருந்தது. மைக்ரோசாஃப்ட் இப்போது எல்லோரையும் அஸூர் மேப்ஸ் பக்கம் நகர்த்திக்கொண்டிருப்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் இன்னொரு தரம் உட்கார வேண்டி வரும். லேட்-லாங் பத்திகளைப் போட்டதும் பவர் பிஐ எண்தானே என்று அவற்றைக் கூட்டிவிடப் பார்க்கும். 640 அட்சரேகைகளைக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பூமியில் இடமே கிடையாது. கூட்ட வேண்டாம் என்று முதலிலேயே அந்தப் பத்தியில் மாற்றி வையுங்கள். என்னுடைய ஒரு முழு மதியம் இதில் போனது.

பிரச்சினை எங்கே என்றால் காசில். பகிர்ந்துகொள்ள ப்ரோ லைசென்ஸ் வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டாலர். செய்கிறவருக்கு மட்டும் இல்லை, பார்க்கிறவருக்கும் வேண்டும், பெரிய கம்பெனிகள் வாங்கும் கெப்பாசிட்டி என்ற தனித் திட்டம் வைத்திருந்தால்தான் பார்வையாளர்களுக்கு விலக்கு. எங்களுக்கு நான், முதலாளி, இரண்டு சூப்பர்வைசர், ஏழு சேல்ஸ்மேன் என்று பதினொரு பேர், மாதம் 154 டாலர், நம் பணத்தில் பதின்மூன்றாயிரத்தைத் தாண்டும். இதைத் தவிர்க்க பப்ளிஷ் டு வெப் என்று ஒரு வழி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும். எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு, எவ்வளவு பாக்கி என்பது நம்மை நம்பிக் கடைக்காரர் வைத்திருக்கும் கணக்கு, அதைத் தெருவில் போடக்கூடாது.

லுக்கர் ஸ்டூடியோ, அதாவது பழைய கூகுள் டேட்டா ஸ்டூடியோ, 2022-ல் பெயர் மாற்றினார்கள். இலவசம். அடியில் இருப்பது கூகுள் மேப்ஸ் என்பதால் சந்து பொந்து வரைக்கும் தெரிகிறது, சேட்டிலைட் பார்வைக்கு மாற்றினால் கடை எந்த முக்கில் இருக்கிறது என்று முதலாளி விரலை வைத்துக் காட்டுகிறார். இதற்கு லேட்-லாங் இரண்டையும் நடுவில் கமா போட்டு ஒரே பத்தியில் கொடுக்க வேண்டும். ஆப்ஷீட் அப்படியேதான் பதிகிறது, அதனால் இரண்டும் கைகோத்துக்கொண்டன. கூகுள் ஷீட்டில் மாற்றம் செய்தால் 15 நிமிஷத்துக்குள் ரிப்போர்ட்டில் வந்துவிடும். பவர் பிஐ ப்ரோவில் ஒரு நாளைக்கு எட்டு முறைதான் புதுப்பிக்க முடியும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல் என்றால் கேட்வே என்ற ஒன்றை வேறு நிறுவி அந்தக் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இதன் பலவீனம் போன்தான். தனி ஆப் கட்டணம் கட்டும் ப்ரோ ஆட்களுக்கு மட்டும், நாம் குரோமில்தான் திறக்க வேண்டும். கம்ப்யூட்டருக்காகச் செய்த ரிப்போர்ட்டை அப்படியே போனில் திறந்தால் எறும்பு எழுத்தில் தெரியும். அதனால் அகலம் குறைந்த, நீளமான பக்கமாக போனுக்கென்று தனியாக ஒன்று செய்தேன். மேலே இரண்டு எண், நடுவில் மேப், கீழே கடைப் பட்டியல், அவ்வளவுதான். பக்கத்தை நகர்த்த விரல் வைத்தால் மேப் நகர்வது எல்லா ஆப்பிலும் உள்ள தொல்லை. மேப்பைத் திரையின் முழு அகலத்துக்கும் போடாமல் ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலி விட்டேன், கட்டை விரல் அங்கே போய் நகர்த்திக்கொள்கிறது.

ஜோஹோ அனலிடிக்ஸ் நம் ஊர்க் கம்பெனியின் சரக்கு, தனி மொபைல் ஆப் இருக்கிறது, போனில் நன்றாகவே இருக்கிறது. இலவசத் திட்டத்தில் இரண்டு பேர், 10,000 வரிசை. பில் பில்லாக ஏற்றினால் எங்களுக்கு இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். ஆனால் கடைக்கு மாதம் ஒரு வரிசை என்று சுருக்கி ஏற்றினால் 640 கடை, 12 மாதம், 7,680 வரிசை, ஒரு வருஷம் அடங்கிவிடுகிறது. ஏற்கனவே ஜோஹோ புக்ஸிலோ சிஆர்எம்மிலோ கணக்கு வைத்திருப்பவர்கள் வேறெதையும் தேட வேண்டாம் என்பது என் எண்ணம், டேட்டா தானாக வந்து சேரும். எங்களை மாதிரி டேலி ஆட்களுக்கு அந்த லாபம் குறைவு.

டேப்லோ. மேப் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த நாலில் இதுதான் கெட்டி. ஒரு மேப்பின் மேல் இன்னொரு அடுக்கு, அதன் மேல் இன்னொன்று என்று போடலாம், வேறு இடத்தில் வரைந்த எல்லைக் கோடுகளைக் கொண்டுவரலாம், போனில் நாம் நிற்கும் இடத்தையும் அதே மேப்பில் காட்டச் சொல்லலாம். ஆனால் செய்கிறவருக்கு மாதம் 75 டாலர், பார்க்கிறவருக்கு ஆளுக்கு 15 டாலர், அதுவும் வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால். டேப்லோ பப்ளிக் இலவசம்தான், அதில் ஏற்றுவது எல்லாம் ஊர் பார்க்கும், வியாபாரக் கணக்குக்கு ஆகாது. முழுநேரம் இதற்கென்று ஓர் ஆள் இருக்கும் கம்பெனிக்குத்தான் இது.

சேல்ஸ்மேன் விஷயத்தில் நான் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அவருக்கு பிஐ ஆப்பே வேண்டியதில்லை. இன்றைக்கு எந்தக் கடைகள், எந்தக் கடையில் ஆர்டர் நின்றிருக்கிறது, அடுத்தது எது, இவ்வளவுதான் அவர் கேட்பது. கூகுள் மை மேப்ஸில் ஒரு மேப்புக்கு 10 லேயர், ஒரு லேயருக்கு 2,000 வரிசை வரை ஏற்றலாம், ஏழு லைனுக்கு ஏழு லேயர், தாராளமாகப் போதும். இதற்கென்று இருந்த ஆண்ட்ராய்டு ஆப்பை 2021-ல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் செய்து வைத்த மேப்பை வழக்கமான கூகுள் மேப்ஸ் ஆப்பிலேயே திறக்கலாம். அங்கிருந்தே வழி கேட்கலாம் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஷீட்டில் மாற்றினால் இதில் தானாக மாறாது, வாரம் ஒரு தரம் நாமே திரும்ப ஏற்ற வேண்டும், அரை மணி நேர வேலை.

எந்த ஆப்பை எடுத்தாலும் மாவட்டம் மாவட்டமாக, தாலுகா தாலுகாவாக நிறம் பூசும் மேப்பைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள். பார்க்க அழகாக இருக்கும், முதலாளிக்கும் பிடிக்கும். ஆனால் ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மட்டும் 1,400 சதுர கிலோமீட்டர், நிறம் பூசினால் ஒரு கடை கூட இல்லாத காடும் சேர்ந்து நாம் வியாபாரம் செய்யும் இடம் மாதிரி தெரியும். சென்னை மாவட்டம் மொத்தமே 426 சதுர கிலோமீட்டர், மாநில மேப்பை போனில் பார்த்தால் ஒரு பொட்டு. அப்புறம் இணையத்தில் கிடைக்கும் எல்லை ஃபைல்களில் பல 2011 சென்சஸ் காலத்தவை, அதில் 32 மாவட்டம்தான் இருக்கும். 2019-லும் 2020-லும் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று ஆறு சேர்ந்து இப்போது 38. உங்கள் ஷீட்டில் தென்காசி என்று இருந்து ஃபைலில் தென்காசியே இல்லை என்றால் அந்த விற்பனை மேப்பில் வராமலே போகும், ஆப் எச்சரிக்கவும் செய்யாது. கடை அளவில் பார்க்கிறவர்களுக்குப் புள்ளி மேப்தான் நேர்மையானது.

நெட்வொர்க்கும் வெயிலும் மிச்சம். பவர் பிஐ கடைசியாகப் பார்த்ததைச் சேமித்து வைத்துக் காட்டும், டேப்லோவும் பிடித்தது என்று குறித்து வைத்தவற்றின் படத்தைக் காட்டும். ஆனால் பின்னணியில் இருக்கும் ரோடு, ஊர்ப் பெயர் எல்லாம் இணையத்திலிருந்து வருபவை. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் தாளவாடி போகிற வண்டிக்கு, கிளம்பும் முன் சத்தியிலேயே திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், அதுதான் இதுவரை கைகொடுத்தது. வெயிலுக்கு வெளிர் பின்னணியில், ஆர்டர் வரும் கடைக்கு அடர் நீலப் புள்ளியும் நின்ற கடைக்கு ஆரஞ்சுப் புள்ளியும் போதும். சிவப்பும் பச்சையும் வேண்டாம், எங்கள் சூப்பர்வைசர் ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது என்பது மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நேரலையாக இதே மேப்பில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போட முடியும். நான் போடவில்லை. கடை எங்கே இருக்கிறது என்பது வியாபாரத் தகவல், சேல்ஸ்மேன் மதியம் எங்கே சாப்பிட்டார் என்பது அவருடைய தகவல். முதலாளியிடமும் இதையே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

அப்போ எதை எடுப்பது? ஆபீசில் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்து, பார்க்கிற ஆட்கள் ரோட்டில் சுற்றுகிறவர்கள் என்றால் பவர் பிஐக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். பார்ப்பது மூன்று நாலு பேர், டேட்டா கூகுள் ஷீட்டில் என்றால் லுக்கர் ஸ்டூடியோ. ஜோஹோவில் இருந்தால் ஜோஹோ. எங்களுக்கு லுக்கர் ஸ்டூடியோ முதலாளிக்கும் சூப்பர்வைசர்களுக்கும், மை மேப்ஸ் சேல்ஸ்மேன்களுக்கும் என்று முடிவானது. ரிப்போர்ட்டை லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று விடாமல் மூன்று பேரின் மெயிலுக்கு மட்டும் திறந்திருக்கிறேன். புள்ளி எடுக்கும் போது ஆப்ஷீட்டுக்குக் காசு ஆகவில்லை, பத்துப் பேர் வரை சோதனைக்கு இலவசம். நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆளுக்கு மாதம் 5 டாலரிலிருந்து ஆரம்பம்.

அந்த இருபது கடைகளையும் கடைசியில் மேப்பில் போட்டேன். 13 கடைகள் அந்தியூரிலிருந்து அம்மாபேட்டை போகும் ரோட்டில் வரிசையாக இருந்தன. வேறு ஸ்டாக்கிஸ்ட் வண்டி விட்டிருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சூப்பர்வைசர் போய் விசாரித்தால், நாங்கள் லைன் நாளை மாற்றியபோது அது சந்தை நாளில் போய் விழுந்திருக்கிறது. கடைக்காரர்கள் காலையிலேயே சந்தைக்குப் போய்விடுகிறார்கள், எங்கள் ஆள் போகும்போது கடையில் ஆர்டர் சொல்ல ஆள் இல்லை. லைனை ஒரு நாள் தள்ளி வைத்தோம். அடுத்த மாத மேப்பில் அந்த 13-ல் 11 புள்ளிகள் நீலத்துக்குத் திரும்பியிருந்தன. மீதி இரண்டு கடைகளுக்குப் பழைய பாக்கி இருக்கிறது, அதை முதலாளியே நேரில் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.